தோண்டாமல் இருப்பதற்கு ஒரு வழக்கு

“…எழுதிக் குடுத்துடறேன்னே வெச்சுக்குங்க. அதுக்கப்பறம் ஒரு நாளைக்கு அவிய வந்து கதவத் தட்டுனா, நான் என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தொறக்கறதுங்க?”

குவாரிப் பள்ளத்தின் கரையில் நின்றுகொண்டு அந்தக்கா இப்படிக் கேட்டபோது, பதில் சொல்ல வேண்டியவர்கள் மூன்று பேர் இருந்தோம். சென்னையிலிருந்து வந்த வக்கீலம்மா, பள்ளத்துக்கும் சுற்றியுள்ள விளைநிலத்துக்கும் சொந்தக்காரரான காட்டுக்காரர், எல்லோரையும் காரில் ஏற்றிவந்த நான். மூன்று பேரும் தண்ணீரைத்தான் பார்த்தோம். உச்சிவெயில். ஒரு பனைமரத்தை நட்டமாக நிறுத்தினால் உச்சிக் குருத்தும் முங்கிப்போகும் ஆழம். பச்சைத் தண்ணீர், ஒரு சுழிப்பு கிடையாது.

அந்தக்காவின் வீட்டுக்காரர் அதற்குள்தான் இருக்கிறார். இருக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லுவோம். வேறு வார்த்தையை அந்தக்கா முன்னால் ஊரில் யாரும் சொன்னதில்லை.

நான் நாமக்கல் பக்கம் வாடகைக் கார் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனதால் மிச்சப் படிப்பை என் காரில் ஏறுகிறவர்களிடம் படித்துக்கொண்டேன். பின்சீட்டில் உட்கார்ந்ததும் முன்சீட்டுக்காரனுக்குக் காது உண்டு என்பது சனங்களுக்கு மறந்துபோகும். கல்யாணம் முறிந்த கதை, கோழிப்பண்ணை நொடித்த கதை, மகன் துபாயில் மாறிப்போன கதை எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நடக்கும். அதில் யாராவது நல்லதாக ஒரு பேச்சுப் பேசினால் வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்க்கத் தோன்றும். அப்படி ஒரு கிறுக்கு எனக்கு.

கார் வாங்குவதற்கு முன்னால் டிப்பர் ஓட்டினேன். இதே குவாரியிலிருந்துதான் கல் ஏற்றிச் சேலத்துக்குப் போவேன். கல் என்றால் வீடு கட்டுகிற கல் இல்லை. வெங்கச்சங்கல். வெள்ளையாக இருக்கும், உடைத்தால் உள்ளே கற்கண்டு மாதிரி மினுங்கும். கண்ணாடி செய்யவும் டைல்ஸ் செய்யவும் போகிறது. காட்டுக்காரருடைய அப்பா காலத்தில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது, ஏர்க்கொழுவை முறிக்கிற சனியன் என்று பொறுக்கி வரப்பில் போட்டிருக்கிறார்கள். பிற்பாடு அதற்கு ஆள் தேடி வந்தார்கள். காட்டுக்காரர் தன் சொந்த நிலத்திலேயே கல் எடுக்க அரசிடம் முறைப்படி குத்தகை வாங்கிக் குவாரி போட்டார்.

அப்புறம் ஒரு நாள் அரசு உத்தரவு வந்தது. பட்டா நிலமானாலும் சரி, புறம்போக்கானாலும் சரி, இந்தக் கல்லை இனி அரசு நிறுவனம் மட்டும்தான் எடுக்கும். தனியாருக்குக் கொடுத்த குத்தகை எல்லாம் அத்தோடு முடிந்தது. குவாரிக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் வக்கீல் பிடித்தார்கள். காட்டுக்காரரும் பிடித்தார். வாய்தாவுக்கு வாய்தா அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போய் வருவது என் வேலையாயிற்று. வழக்கு இன்றைக்கும் முடியவில்லை. ஐகோர்ட்டுக்கு எதிரில் டீ ஆற்றுகிற பெரியவர் எங்களைப் பார்த்ததும், “வாங்க, கல்லு கரைஞ்சுதா?” என்று கேட்பார். இன்னும் கரையவில்லை.

வக்கீலம்மாவின் அறை ஒரு குறுகலான மாடிப்படிக்கு மேலே. முதல் நாள் காட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி அவர் விளக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேல்மண் உங்களுடையது, அடியில் இருக்கிற கல்லும் உங்களுடையதுதான் என்று நான் வாதாடுவேன், ஆனால் கல் உங்களுடையதாகவே இருந்தாலும் அதை வெட்ட அனுமதி கொடுப்பது அரசாங்கம் என்றார். கொடுத்ததைப் பாதியில் பிடுங்கலாமா, பிடுங்கித் தானே வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வியாம். எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் ஒரு பிரிவு, தொழில் செய்யும் உரிமைக்கு ஒரு பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவர் சொத்தைப் பறிக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவு. இவை நம் பக்கம். சுரங்க உரிமையில் கைவைக்கிற சட்டங்களுக்கு அதே சாசனத்திலேயே ஒரு குடையும் பிடித்து வைத்திருக்கிறார்கள், மண்ணுக்கடியில் இருப்பது ஊர்ச் சொத்து என்ற நியாயமும் இருக்கிறது. அவை எதிர்ப்பக்கம்.

படி இறங்கும்போது காட்டுக்காரர் சிரித்தார். “எங்கப்பன் தொந்தரவுன்னு வரப்புல எறிஞ்ச கல்லுக்கு இன்னைக்கு அரசியல் சாசனமாமா தம்பி” என்றார்.

அந்தச் சிரிப்பு இரண்டு வாய்தாவுக்குக்கூடத் தாங்கவில்லை. அரசு தரப்பு பதில் மனுவில் ஒரு குண்டைப் போட்டார்கள். இந்த மனுதாரர் குவாரியில் தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் வேலையே நடக்கவில்லை, அப்படிச் சும்மா போட்டால் குத்தகை தானாகவே காலாவதியாகிவிடும், ஆகவே எங்கள் உத்தரவு வருவதற்கு முன்பே இவருடைய உரிமை செத்துப்போயிற்று, இல்லாத உரிமையைப் பறித்ததாக ஒருவர் எப்படி வழக்குப் போட முடியும் என்று கேட்டிருந்தார்கள்.

கோர்ட் தாழ்வாரத்தில் வைத்து வக்கீலம்மா கேட்டார், “ஏன் சார் வேலையை நிறுத்துனீங்க? தகுந்த காரணம் இருந்தா கோர்ட்ல சொல்லலாம்.”

காட்டுக்காரர் வேட்டி நுனியை உதறிக் கட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: “முனியப்பன் பூக் குடுக்கலைங்க.”

எங்கள் பக்கத்தில் எந்தப் பெரிய காரியத்துக்கும் பூக் கேட்போம். செவ்வரளி ஒரு இலைப்பொட்டலத்தில், வெள்ளரளி இன்னொரு பொட்டலத்தில், இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும்படி கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். கட்டினவர் அல்லாத வேறொருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. பெண் எடுப்பது, போர்வெல் போடுவது எல்லாம் அப்படித்தான். குவாரி வாசலில் ஒரு முனியப்பன் உண்டு. அந்தக்காவின் வீட்டுக்காரர் போன பிறகு, பள்ளத்தில் மறுபடி இரும்பு வைக்கலாமா, கடப்பாரை இறக்கலாமா என்று காட்டுக்காரர் போகத்துக்கு ஒருதரம் பூக் கேட்டார். கேட்டபோதெல்லாம் சிவப்பு. அவர் வேலையை நிறுத்திவிட்டார். ஊரில் ஒருவரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை.

வக்கீலம்மா சிரிக்கவில்லை என்பதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை. “இதை நான் எப்படி சார் எழுதறது?” என்று மட்டும் கேட்டார்.

“செவப்பு வந்துச்சுன்னு எழுதுங்க.”

“ஏன் பூக் கேட்டீங்க? அதைச் சொல்லுங்க.”

அப்போதுதான் அந்த நாள் வெளியே வந்தது. காட்டுக்காரர் பாதி சொன்னார், மீதியை நான் சொன்னேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த காலை. பள்ளத்தின் அடியில் தண்ணீர் கட்டியிருந்தது. அதை இறைத்துப் போட்டால்தான் வேலை. அடியில் டீசல் இஞ்சின் ஒன்று உண்டு, அதை ஓட்டுவது அந்தக்காவின் வீட்டுக்காரர். மற்றவர்கள் வருமுன்னே தண்ணீரை வடித்துவிடலாம் என்று தனியாக இறங்கியிருக்கிறார். நான் காலி டிப்பரோடு போய்ச் சேர்ந்தபோது அவருடைய மொபட் மேலே நின்றது, ஹேண்டில்பாரில் சோற்றுத் தூக்குப்போசி தொங்கியது. வடக்குப் பக்கத்து மண்சுவர் முழுசாக இறங்கிப் பள்ளத்தின் பாதியை மூடியிருந்தது. மண் இன்னும் சரசரவென்று விழுந்துகொண்டிருந்தது. இஞ்சின் இருந்த இடம் எது என்றே தெரியவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது, பொக்லைன் வந்தது. அள்ள அள்ள மேலிருந்து சரிந்தது. அடுத்த மழை பிடித்துக்கொண்டது. இனி ஆளை இறக்கினால் இறங்கினவரையும் சேர்த்துத் தேட வேண்டிவரும் என்று அதிகாரிகள் கைவிட்டுவிட்டார்கள். பள்ளம் நிறைந்தது.

அந்தக்கா முதல் நாள் ஓடிவந்து கரையில் நின்றவர் அழவில்லை. “பாத்தவிய யாரு?” என்று கேட்டார். இறங்கினதையோ, மண் விழுந்ததையோ யாரும் பார்க்கவில்லை. “பாக்காம எப்படிச் சொல்லறீங்க? மேல ஏறி எங்கியாச்சும் போயிருப்பாரு” என்றார். போலீஸ் ஸ்டேஷனிலும் அதையே சொன்னார். காட்டுக்காரரும் சரி, வேலைக்காரர்களும் சரி, அந்த முகத்துக்கு எதிரே நின்று இல்லையம்மா என்று சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை. ஆகவே ஆளைக் காணோம் என்றே புகார் எழுதப்பட்டது. குவாரியில் விபத்து என்று எங்கேயும் எழுதவில்லை. அன்றைக்கு அதை நாங்கள் இரக்கம் என்று நினைத்தோம். சட்டத்தின் கண்ணில் அதற்கு அர்த்தம் வேறு. விபத்து நடக்கவில்லை, யாரும் சாகவில்லை, குவாரி காரணமில்லாமல் சும்மா கிடந்தது.

அதற்குப் பிறகு அந்தக்கா ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போனார். நெற்றியில் பொட்டு, தலையில் பூ எல்லாம் அப்படியே. விதவைப் பென்ஷனுக்கு எழுதிப்போடலாம் என்று யாரோ நல்லெண்ணத்தில் சொல்லப்போக, “அவிய வந்தா அதையெல்லாம் திருப்பிக் குடுக்கோணுமே, எங்க போறது” என்றாராம். ஊரில் இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தவர்கள் பாதியில் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள்.

பள்ளத்துப் பக்கம் உச்சி நேரத்தில் யாரும் போவதில்லை. ஆடு மேய்க்கிறவர்கள் இஞ்சின் சத்தம் கேட்கிறது என்றார்கள். நான் நம்பவில்லை. ஒருதரம் அந்த வழியாகச் சவாரி இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி சூடாகிவிட்டது என்று நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் நின்றேன். காற்று இல்லை. தண்ணீர்ப் பக்கமிருந்து டப், டப், டப் என்று கேட்டது. வாய்மேல் உள்ளங்கையை வைத்து மூடினால் இருமல் எப்படிக் கேட்குமோ அப்படி அமுங்கின சத்தம். பக்கத்துக் காட்டுக் கிணற்று இஞ்சினாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்துக் காடுகளில் எல்லோரும் கரண்டு மோட்டாருக்கு மாறி வருஷக்கணக்காகிறது என்பது வண்டியைக் கிளப்பிக்கொண்டு தார்ரோடு வந்த பிறகுதான் உறைத்தது.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வழிதான் சொன்னார். மண் சரிந்து ஒருவர் இறந்ததால்தான் வேலை நின்றது என்று மனைவி சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால், நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது என்று வாதாடலாம். குத்தகை உயிரோடு இருக்கிறது என்று நிறுவ ஒரு பிடி கிடைக்கும். அதற்கப்புறம்தான் பெரிய கேள்விக்கே போக முடியும். அந்தம்மா எழுதித் தருவாரா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது ஆத்தூர் தாண்டினோம். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த காட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துப் பேசினார்.

“தம்பி, கேஸு ஜெயிச்சாலும் அந்த வடக்குப் பக்கம் நான் இரும்பு வெக்க மாட்டேன்.”

“அப்பறம் எதுக்குங்கண்ணா கேஸு?”

“வெக்காம இருக்கறதுக்குத்தான்.”

நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். குத்தகை தன் கையில் இருந்தால் தெற்கு மூலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் எடுத்துக் குவாரி ஓடுகிறதென்று காட்டிக்கொள்வாராம். அதற்கு மட்டும் முனியப்பனிடம் தனியாகக் கேட்டுக்கொள்வாராம். வடக்குப் பக்கம் அப்படியே கிடக்கும். அரசு நிறுவனத்துக்குப் போனால் அவர்களுக்கு எல்லாம் ஒரே பள்ளம். தண்ணீரை இறைத்து மிஷினை இறக்கிவிடுவார்கள், அது அவர்கள் தப்பும் இல்லை. “இதச் சென்னையில சொல்லிப்போடாதீங்க” என்று முடித்தார்.

அன்று ராசிபுரம் வரும் வரை எனக்கு அதே யோசனை. தோண்டினால்தான் உரிமை உயிரோடு இருக்கும் என்கிறது சட்டம். இந்த மனிதரோ தோண்டாமல் இருக்க உரிமை கேட்டு ஐகோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

அந்தக்காவிடம் போய்க் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. என்னைப் போகச் சொன்னார். பண்ணையில் கூண்டு வரிசைகளுக்கு நடுவே அட்டையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தார் அக்கா. நான் சுற்றி வளைத்து, அரசு உத்தரவிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொண்டே போனேன். அக்காவின் கை நிற்கவில்லை. நான் முடித்ததும் நிறைந்த அட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

“அந்த வக்கீலம்மாவ பள்ளத்துக்கு வரச் சொல்லுங்க சாமி. வேற எடத்துல வெச்சு நான் இதப் பேச மாட்டேன்.”

வக்கீலம்மா வந்தார். சேலம் ஜங்ஷனில் இறங்கினவரைக் கூட்டிக்கொண்டு, வழியில் காட்டுக்காரரையும் பண்ணை வாசலில் அக்காவையும் ஏற்றிக்கொண்டு பள்ளத்துக்குப் போனோம். கரையில் நின்று வக்கீலம்மா தாளைப் படித்துக் காட்டினார். இன்ன நாளில், இன்ன குவாரியில், மண் சரிந்து என் கணவர் இறந்துபோனார் என்று இருந்தது. படிக்கும்போது அந்த இடத்தில் அவருடைய குரல் தானாகவே இறங்கியது.

மறைக்கக் கூடாது என்று அவர் இன்னொன்றும் சொன்னார். இந்தத் தாளை வைத்தே அரசு தரப்பு, தனியார் கையில் விட்டால் சனங்கள் இப்படித்தான் சாவார்கள், அதனால்தான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்கலாம்.

“கேக்கட்டும். நெசந்தானுங்க” என்றார் காட்டுக்காரர். அந்தக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அக்கா தண்ணீரைக் காட்டி, கவர்மெண்ட் எடுத்துக்கொண்டால் இங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டார். இறைத்துவிட்டு ஆழமாகத் தோண்டுவார்கள் என்றார் வக்கீலம்மா.

“தோண்டுனா, கெடைப்பாருங்களா?”

வக்கீலம்மா காட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். காட்டுக்காரர்தான் சொன்னார். “அவிய கல்லத்தான் தேடுவாங்க அம்மிணி. ஆளத் தேட மாட்டாங்க. மண்ணோட வாரி லாரில கொட்டிப்போடுவாங்க.”

அதைக் கேட்டு அக்கா தலையாட்டினார். ஒரு விலையைக் கேட்டுக்கொள்கிற மாதிரி, அவ்வளவுதான். பிறகு தாளில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார், எழுதிக் கொடுத்த பிறகு அவர் வந்து கதவைத் தட்டினால் என்ன முகத்தோடு திறப்பது என்று.

நாங்கள் மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வர மாட்டார் என்று யாராவது சொல்வார்களா என்று அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். இத்தனை வருஷம் சொல்லாதவர்கள் அன்றைக்கும் சொல்லவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, முள்வேலியைத் தாண்டிப் பள்ளத்தின் விளிம்புக்குப் போனார். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து வைத்துக்கொண்டு, தாலி கட்டிய நாளிலிருந்து அவர் வாயில் யாரும் கேட்டிராத வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, பள்ளத்துக்குள் சத்தமாகக் கூப்பிட்டார். பெயர் தண்ணீர்மேல் போய், வடக்குச் சுவரில் பட்டு, கொஞ்சம் தடித்த குரலில் எங்களிடமே திரும்பி வந்தது. அக்கா அசையாமல் நின்றார். அடியிலிருந்து சாய்வுப் பாதையில் களைத்துப்போன ஒரு மனிதர் மேலே ஏறி வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் நின்றார். பிறகு முந்தானையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, காரின் பானெட்மேல் தாளை விரித்து வைத்து, பேனாவுக்காக வக்கீலம்மாவிடம் கையை நீட்டினார்.